இரண்டு நாள் நின்றால் ஸ்டார்ட் ஆகாத வீரா கார்: ஆல்டர்னேட்டரை மாற்றுவதற்கு முன்

நீங்கள் கேட்டது, ரீகோன் (பழையதைப் பிரித்துப் புதுப்பித்த) ஆல்டர்னேட்டர் போடலாமா, புதிதே வாங்கிவிடலாமா என்று. ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சின் ஓடும்போது கரண்ட் தந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி. ஆனால் எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: கெட்டிருப்பது ஆல்டர்னேட்டர்தானா? அப்பாவின் பழைய புரோட்டோன் வீரா. திங்கள் முதல் வெள்ளி வரை சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறீர்கள், ஒரு தொல்லையும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தினால், திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் வயர் போட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது. ஒரு வருடத்துக்குள் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. ஃபோர்மன் (பட்டறை மெக்கானிக்) ஐட்லிங்கில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஏர்கோனைப் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "13.6 வோல்ட்தான் வருகிறது, ஆல்டர்னேட்டர் வீக்" என்று 380 ரிங்கிட் கேட்கிறார். இதுதானே விஷயம்?

நான் கார் வயரிங் படித்துவிட்டு, பேராக்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு டவுனில் பல வருடங்களாக வயர்மேன் கடை நடத்துகிறவன். உங்கள் காரைப் பார்க்காமல் "இதுதான் கோளாறு" என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: நீங்கள் தந்த விவரத்தில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 380 ரிங்கிட் கொடுத்து மாற்றிய பிறகும் அடுத்த திங்கட்கிழமை அதே 'டக் டக்' கேட்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரின் வீட்டில் அது சின்னக் காசு இல்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். வீராவில் வழக்கமாகப் போடும் என்எஸ்60 வகை பேட்டரி சுமார் 45 ஆம்பியர்-மணி கொள்ளும், அதாவது ஓர் ஆம்பியர் வீதம் இழுத்தால் ஏறக்குறைய 45 மணி நேரம் வரும். எஞ்சின் ஓடும்போது இக்னிஷன், ரேடியேட்டர் விசிறி, ஏர்கோன் விசிறி, புளோவர் எல்லாம் சேர்ந்து 20 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். மழையில் வைப்பரும் ஹெட்லைட்டும் போட்டால் 35ஐத் தாண்டலாம். ஆல்டர்னேட்டர் ஒன்றும் தராவிட்டால் இந்தப் பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. நீங்களோ வாரம் முழுக்க ஈப்போவுக்கு ஓட்டுகிறீர்கள். சார்ஜ் இல்லாத கார் செவ்வாய்க்கிழமையே எங்காவது நடுவழியில் படுத்திருக்கும். ஆக, சார்ஜ் ஏறுகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த 13.6க்கு வருவோம். எஞ்சின் சூடாக, ஐட்லிங்கில், ஏர்கோன் போட்டு, நம் ஊர் வெயிலில் 13.6 வருவது சாதாரணம். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் சூடு ஏற ஏற வோல்ட்டேஜைக் கொஞ்சம் குறைக்கும்; பேட்டரியைப் பொசுக்காமல் இருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனையும் தராது. சரியாகப் பார்க்க வேண்டுமென்றால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எஞ்சினை 1500, 2000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ஏற்றி, பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நல்லது. அப்புறம் ஹெட்லைட், ஏர்கோன், புளோவர் முழுவதும் போட்டு, அதே ஆர்பிஎம்மில் 13.5க்குக் கீழே இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே 13க்குக் கீழே போனால் ஃபோர்மன் சொன்னது சரியாக இருக்கலாம். மாறாக 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதித்து அழுகிய முட்டை வாடை அடிக்கும், அப்படி இருந்தால் ஓட்டாதீர்கள்.

வாரநாளில் நன்றாக ஓடி, நிறுத்தி வைத்தால் மட்டும் செத்துப்போகும் கார் என்றால் இரண்டு வழிதான். ஒன்று, நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. அல்லது பேட்டரி தனக்குள்ளேயே இழக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்க மீட்டர்கூட வேண்டாம், 10 எம்எம் ஸ்பேனர் போதும். வரும் வெள்ளிக்கிழமை காரை நிறுத்தியதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையை மட்டும் கழற்றி, தொடாதபடி துணியில் சுற்றி ஒதுக்கி வையுங்கள். திங்கட்கிழமை காலையில் மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கும்மென்று பிடித்துக்கொண்டால் பேட்டரி பரவாயில்லை, கார்தான் குடிக்கிறது. அப்போதும் 'டக் டக்' என்றால் பேட்டரிதான். கழற்றுவதற்கு முன் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சென்ட்ரல் லாக் உங்களை வெளியே வைத்துப் பூட்டிவிடக் கூடாது. அலாரத்தின் சைரனுக்குள் தனி பேட்டரி இருந்தால் கழற்றியதும் கத்தும், பயப்பட வேண்டாம். மாட்டிய பிறகு ரேடியோ ஸ்டேஷன்களும் கடிகாரமும் மறந்துபோகும், ஐட்லிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கலாம், தானாகச் சரியாகும்.

இந்தச் சோதனையில் ஒரு சந்தேகம் மீதி இருக்கும். பாதி உயிரோடு இருக்கும் பேட்டரி, இழுக்கும் வயரைக் கழற்றிவிட்டால் சமாளித்துக்கொள்ளும், கழற்றாவிட்டால் சமாளிக்காது. அதனால் ஹார்ட்வேர் கடையில் சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது, விலை ஆல்டர்னேட்டர் பக்கத்திலேயே வராது. காலையில் எதையும் தொடாமல் அளந்தால் நிறைந்த பேட்டரி 12.6, 12.7 காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மீதி. ஓட்டிவிட்டு வந்த கையோடு அளக்காதீர்கள், மேலோட்டமாக நிற்கும் சார்ஜ் கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும். சில மணி நேரம் விட்டு அளப்பதுதான் கணக்கு. முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 அளவில் நின்றால் ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது, அந்தப் பேட்டரிக்கு இனி வைத்தியம் இல்லை. ஸ்டார்ட் அடிக்கும் அந்த நொடியில் 9.6க்குக் கீழே விழுந்தாலும் பேட்டரியைச் சந்தேகப்படலாம், ஆனால் அந்த அளவு நிறைந்த பேட்டரிக்குத்தான் பொருந்தும்.

இப்போது இழுப்பைத் தேடுவோம். உங்கள் கார் விஷயத்தில் நான் பந்தயம் கட்டுவது இதில்தான். நிறுத்தி வைத்த காரில் கடிகாரம், அலாரம், ரேடியோவின் நினைவு இவற்றுக்காக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை ஓடுவது இயல்பு. 50 மில்லி ஆம்பியர் என்றால் உங்கள் பேட்டரி காலியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை சுமார் 60 மணி நேரம். அதற்குள் ஸ்டார்ட் அடிக்க முடியாத நிலைக்கு வர வேண்டுமென்றால் 0.4 ஆம்பியர் அளவில் இழுப்பு இருந்தாலே போதும்: 60 மணிக்கு 24 ஆம்பியர்-மணி, அதாவது பாதிக்கும் மேலே. 0.4 ஆம்பியர் என்பது என்ன தெரியுமா? காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட் பெட்டிக்குள் எரியும் 5 வாட் பல்பு ஒன்று. அவ்வளவுதான்.

அதனால் மீட்டரை எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கைப்பேசியில் வீடியோ பதிவைப் போட்டு பூட் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். படம் கும்மிருட்டாக இருந்தால் பல்பு அணைகிறது. வெளிச்சமாகவே இருந்தால் கோளாறு கையில் கிடைத்துவிட்டது. பழைய கார்களில் பூட் மூடி அழுத்தும் சின்ன சுவிட்ச் துருவேறியோ மூடி கொஞ்சம் வளைந்தோ இருந்தால் பல்பு இரவெல்லாம் எரியும், வெளியே யாருக்கும் தெரியாது.

பல்பு இல்லை என்றால் அளக்க வேண்டியதுதான். கதவுகளைத் திறந்து வைத்து, கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி மூடிய நிலைக்குக் கொண்டு வாருங்கள், உள்விளக்கு அணைந்திருக்க வேண்டும். சாவியை எடுத்துவிடுங்கள். நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் துளையில் செருகி, டிசி ஆம்பியரில் வைத்து, கழற்றிய வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரைப் பாலமாக வையுங்கள். முதலில் அளவு கூடுதலாகக் காட்டும். அலாரமும் மற்றவையும் தூங்கப் போக அரைமணி நேரம் கொடுங்கள். அதன் பிறகும் 0.05க்கு மேல் நின்றால் இழுப்பு உண்டு. மீட்டர் நடுவே இருக்கும்போது தப்பித் தவறியும் ஸ்டார்ட் அடிக்கக் கூடாது, ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கு மேல் ஆம்பியர் இழுக்கும், மீட்டர் போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை மறுபடி வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்த தடவை பேட்டரி வோல்ட் பார்க்கப் போனால் நேராக ஷார்ட். நெருப்புப் பொறி பறக்கும். மோதிரம், கைச்சங்கிலி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

இழுப்பு இருக்கிறது என்று தெரிந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டரைப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் விழவில்லை என்றால், ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாதவைதான் மீதி: ஆல்டர்னேட்டரின் தடித்த வயர், ஸ்டார்ட்டர் வயர், அப்புறம் யாரோ பின்னாளில் பேட்டரியிலிருந்து நேரே இழுத்த வயர்கள். பழைய வீராக்களில் இந்தக் கடைசி வகையைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சாவியை அணைத்தாலும் அணையாத இடத்தில் ஒட்டிய டேஷ்கேம், ரிமோட் வயரை (ரேடியோ போட்டால் மட்டும் அதை ஆன் செய்ய வேண்டிய வயர்) நிரந்தர கரண்டில் கொடுத்த ஆம்ப்ளிஃபயர், முதல் உரிமையாளர் போட்ட அலாரத்தின் மேல் இரண்டாமவர் போட்ட இன்னொரு அலாரம். அப்பாவிடம் கேளுங்கள், எந்த வருடம் என்ன போட்டார் என்று. முதல் பேட்டரி கெடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏதாவது புதிதாகப் போட்டிருந்தால் அங்கேயே தேடலைத் தொடங்கலாம். எலியையும் மறக்க வேண்டாம். செம்பனைத் தோட்டங்களில் எலிக்காகவே ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கிறார்கள். அந்த எலி ராத்திரி சூடான எஞ்சின் மேல் ஏறிப் படுத்து வயரின் தோலைக் கடித்திருந்தால், மழை ஈரத்தில் அங்கே கரண்ட் கசியும்.

இங்கே ஒரு விஷயத்தில் ஃபோர்மனுக்கு நியாயம் செய்ய வேண்டும். சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரே நிற்கும்போது குடிக்கவும் செய்யலாம். அதற்குள் இருக்கும் டயோடுகளின் வேலை, கரண்டை வெளியே விட்டு உள்ளே வராமல் தடுப்பது. ஒரு டயோடு கசிந்தால் சாவி அணைந்திருந்தாலும் பேட்டரியிலிருந்து ஆல்டர்னேட்டருக்குள் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கையே போதும் சில நேரம்: விடியற்காலையில், காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆல்டர்னேட்டரின் உடலில் உள்ளங்கையை வையுங்கள். எஞ்சின் பனி போல் சில்லென்றிருக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடுதான். சில்லென்றிருந்தால் டயோடு நல்லது என்று முடிவு கட்ட முடியாது, சிறிய கசிவு சூடு தெரியும் அளவுக்கு இருக்காது. எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு பக்கம் சந்தேகம் வலுக்கிறது. மலிவு மீட்டர்கள் சில ஏசி அளவில் தப்பாகக் காட்டும், அதனால் இதை மட்டும் நம்பிப் பணம் போடாதீர்கள். உறுதியான சோதனை ஒன்றுதான்: பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த வயரையும் கழற்றி, அதன் முனையை டேப் சுற்றி, மறுபடி ஆம்பியர் அளப்பது. இழுப்பு மறைந்தால் ஆல்டர்னேட்டர் குற்றவாளி. அப்போது செலவு செய்யலாம், மனதில் கேள்வி இல்லாமல்.

அப்படி ஆனால் உங்கள் கேள்விக்கே வருகிறேன். டயோடு, ரெகுலேட்டர், கார்பன் பிரஷ் இவற்றில் ஒன்று மட்டும் போயிருந்தால் நல்ல வயர்மேன் பிரித்து அதை மட்டும் மாற்றித் தருவார், ஆல்டர்னேட்டர் முழுதையும் மாற்றுவதைவிட மலிவு. பிரஷ் தேய்ந்ததற்கு அடையாளம், பேட்டரி விளக்கு விட்டு விட்டு எரிவதும் ஆல்டர்னேட்டரை லேசாகத் தட்டினால் சரியாவதும். ஹாஃப் கட் காரிலிருந்து (உதிரி பாகங்களுக்காகப் பாதியாக வெட்டி விற்கும் பழைய கார்) வந்ததை நான் விரும்புவதில்லை. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ரீகோன் என்றால் பேரிங், பிரஷ், டயோடு மூன்றும் மாற்றியதா என்று கேட்டு, உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். வெறும் பெயிண்ட் அடித்ததும் ரீகோன் என்றுதான் விற்கும். தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் போகிற கார் என்றால் பேரிங்கைக் கண்டிப்பாக மாற்றச் சொல்லுங்கள், புழுதியும் சேறும் அதைத் தின்றுவிடும்.

டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியவில்லை என்பதால் சார்ஜில் கோளாறில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை இப்படிச் சரிபாருங்கள்: சாவியை ஆன் செய்து ஸ்டார்ட் அடிக்காமல் விடுங்கள். அப்போது அந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் பல்பு போய்விட்டது, அல்லது வயர் அறுந்திருக்கிறது. பழைய வகை ஆல்டர்னேட்டர்களுக்கு அந்தப் பல்பு வழியாகத்தான் முதல் கரண்ட் போகிறது. பல்பு இல்லாமல் சில நேரம் எஞ்சினை ஏற்றி முறுக்கும் வரை சார்ஜே தொடங்காது. பெல்ட்டையும் ஒரு பார்வை பாருங்கள், மழைக்காலையில் கீச்சென்று கத்தினாலோ பளபளவென்று வழுக்கினாலோ இறுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். பேட்டரி முனையில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, இறுக்கிப் பூட்டுங்கள். எஞ்சின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே, எஞ்சின் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை, அதையும் மாற்றலாம்.

யாராவது, "எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்று, எஞ்சின் நின்றால் ஆல்டர்னேட்டர் அவுட்" என்று சொன்னால் தயவு செய்து கையை வைக்க விடாதீர்கள். டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் ஒரு கணத்தில் பல பத்து வோல்ட்டுக்குத் தாவும். நன்றாக இருந்த டயோடும் எஞ்சின் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகலாம். மேலே நான் தந்த அளவுகளும் வீரா மாதிரியான கார்களுக்குத்தான். சிக்னலில் எஞ்சின் தானே அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் புதுக் கார்களில் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், 12.8 பார்த்து ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லக் கூடாது. பேட்டரியும் அதற்கென உள்ள இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகையாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. இழுப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகும் இப்போதுள்ள பேட்டரி பழையபடி ஆகும் என்று உறுதி தர முடியாது. ஈயப் பேட்டரி காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு தடவையும் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, கொள்ளளவு குறையும். உங்கள் முதல் பேட்டரி அப்படித்தான் போயிருக்கும். இரண்டாவது எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்பது சார்ஜ் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று புதுக் குடமாக வாங்கிக்கொண்டே போன கதையாகிவிட்டது. ஜம்பர் போட்டு ஈப்போவுக்கு அரைமணி ஓட்டினால் பேட்டரி நிறையாது, ஆல்டர்னேட்டருக்குத்தான் பாரம். பேட்டரி கடையில் கொடுத்து மெதுவான சார்ஜில் ஓர் இரவு வையுங்கள். அப்புறம் லோட் டெஸ்ட் (பாரம் கொடுத்து பேட்டரி தாங்குகிறதா என்று பார்ப்பது) போடச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமைக்குப் பிறகு இந்த அளவுகளை எழுதுங்கள்: நெகட்டிவைக் கழற்றி வைத்தபின் காலை வோல்ட், 2000 ஆர்பிஎம்மில் எல்லாம் அணைத்தும் எல்லாம் போட்டும் கிடைத்த வோல்ட், அரைமணி கழித்து நின்ற ஆம்பியர். அவை இருந்தால் நான் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும், உங்கள் ஃபோர்மனும் மறுக்க மாட்டார். பேட்டரியின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். லோட் டெஸ்ட்டில் செல் போயிருப்பதாக வந்தால் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் கடைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் இழுப்பைச் சரிசெய்யாமல் மாற்று பேட்டரியை மாட்டாதீர்கள்.